யூதரின் கற்கை இல்லம்

பாடசாலைப் படிப்பு முடிந்ததும் கல்வியும் முடிந்ததென எண்ணுவோர் பலர். தொழிலுக்கு வேண்டிய அறிவை மட்டும் அவர்கள் பின்னரும் தேடிக்கொள்ளுகின்றனர். வைத்தியர் வைத்திய நூலையும் வழக்கறிஞர் சட்ட நூலையும் இறுதிவரை கைவிடார். ஆயின், தம் முன்னோரின் மொழி, சமயம், இலக்கியம் என்பவற்றைப் பொறுத்தவரை, பன்னிரண்டு வயதிற் பெற்ற அறிவே ஐம்பது வயதிலும் வளராது நிற்றலைக் காண்கின்றோம். இக்குறையைத் தம்மிடையே கண்டு, அதற்குப் பரிகாரம் தேடியவருள் யூதர் குறிப்பிடத்தக்கவர். அவர்கள் கண்ட வழியைப் பழைய மாணவர்க்கென வெளிவரும் இம்மலரில் எடுத்துரைத்தல் பொருந்துமென நாம் கருதுகின்றோம்.

யூதரின் மரபிலே கற்றல் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. தோரா என்னும் திருநூலைப் பயிலுதல் ஆயுள் முழுவதும் ஆற்றவேண்டிய கடமையாகும். ஆதலின், வழிபாட்டு மன்றத்தோடு ‘பெத் மித்ராஷ்’ எனப்படும் கற்கை இல்லமும் அவர் வாழ்ந்த ஊர்களில் விளங்கிற்று. வணிகரும் கைத்தொழிலாளரும் அங்கே கூடி, தல்மூத் முதலிய நூல்களை வாய்விட்டு வாசித்தும், ஒருவரோடொருவர் வாதித்தும் பயின்றனர். 19ஆம் நூற்றாண்டிலே ஜேர்மனிய யூதர் படிப்படியாகச் சம உரிமை பெற்று, அந்நாட்டின் பொதுக்கல்வியில் மேம்பட்டனர். அதனோடு பழைய கற்கை மரபு தளர்ந்தது. கதே, ஷில்லர் முதலியோரின் நூல்களில் வல்லவரான பலர், தம் மூதாதையரின் எபிரேய எழுத்தை வாசிக்கவும் இயலாதவராயினர்.

பிரான்ஸ் ரோசன்சுவைக் என்பார் அத்தகைய குடும்பமொன்றில் 1886ஆம் ஆண்டு காசல் நகரிற் பிறந்தவர். வரலாற்றிலும் தத்துவத்திலும் பெரும் புலமை பெற்ற அவர், 1913ஆம் ஆண்டிலே கிறித்தவ சமயத்தைத் தழுவவும் எண்ணினார். அவ்வாண்டு முடியுமுன்னரே அவ்வெண்ணத்தைக் கைவிட்டு, யூதராகவே வாழ்வதெனத் துணிந்தார். முதலாம் உலகப் போரிற் போர்முனையிலிருந்தபடியே தம் பெருந்தத்துவ நூலின் பகுதிகளைத் தபாலட்டைகளில் எழுதி வீட்டுக்கு அனுப்பினார். போர் முடிந்தபின் அவருடைய பேராசிரியர் மைனெக்கே சர்வகலாசாலைப் பதவிக்கு வழிகாட்டினார். ரோசன்சுவைக் அதனை ஏற்றிலர். நூலாராய்ச்சிக்காக நூலாராய்தல் அவர்க்கு அமைதி தரவில்லை. வினாக்களோடு வரும் மனிதர்க்கு விடையளிப்பதையே அவர் விரும்பினார்.

அவ்விருப்பத்தின் பயனாக 1920ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திற் பிராங்போட் நகரிலே ‘சுதந்திர யூதக் கற்கை இல்லம்’ தோன்றியது. பழைய பெத் மித்ராஷின் பெயரையே ஜேர்மன் மொழியில் ஆக்கி இதற்குச் சூட்டினர். ‘சுதந்திர’ என்ற அடைமொழி கட்டணமின்மையைக் குறிப்பதன்று, கட்டணம் பெறப்பட்டது. நுழைவுத் தேர்வு இல்லை, பட்டம் இல்லை, இன்ன கொள்கையுடையவரே வரலாம் என்ற விதியும் இல்லை என்பதே அதன் பொருள். வைதிகரும் சீர்திருத்தவாதியரும் வழிபாட்டு மன்றத்தை மறந்தோரும் ஆண் பெண் என்ற வேற்றுமையின்றி அங்கே ஒருங்கமர்ந்தனர்.

தொடக்கவுரையில் ரோசன்சுவைக் விளக்கிய கருத்தே இவ்வில்லத்தின் உயிர்நிலையாகும். பழைய கற்றல் திருநூலிலிருந்து வாழ்க்கையை நோக்கிச் சென்றது. புதிய கற்றலோ வாழ்க்கையிலிருந்து திருநூலை நோக்கிச் செல்லவேண்டும் என்றார் அவர். முன்னாளில் நூல் நடுவே நின்றது. மக்கள் அதனைச் சூழ்ந்து நின்றனர். இந்நாளிலோ மக்கள் வெகுதொலைவிற் சிதறி நிற்கின்றனர். ஒருவர் வைத்தியராகவும் ஒருவர் வணிகராகவும் ஒருவர் கலைஞராகவும் நிற்கின்றனர். அவர்களை இகழ்ந்து பயனில்லை. தொழிலையும் ஐயங்களையும் வாயிலிலே களைந்துவிட்டு வாருங்கள் என்று பணித்தலும் தகாது. அவற்றோடு அவரவர் நிற்கும் இடத்திலிருந்தே நடுவிடம் நோக்கி வரச் செய்தல் வேண்டும் என்பதே அக்கருத்து.

இதனாலே ஆசிரியர் தெரிவும் புதுமையாய் அமைந்தது. சமய குருமாரோடு, ரிச்சாட் கொக் என்ற வைத்தியரும் எட்வாட் ஸ்ட்ரவுஸ் என்ற இரசாயன அறிஞரும் அங்கே கற்பித்தனர். தாமே தொலைவிலிருந்து திரும்பி வந்தவர் ஆதலின், திரும்பி வரும் பிறருக்கு இவர்கள் நல்வழித்துணையாயினர். மார்ட்டின் பூபர் 1922ஆம் ஆண்டு அங்கு நிகழ்த்திய விரிவுரைகளிற் பயின்ற சிந்தனைகள், அடுத்த ஆண்டு வெளிவந்த ‘நானும் நீயும்’ என்னும் அவருடைய புகழ்பெற்ற நூலுக்குத் துணை நின்றன.

கற்பித்தல் இருவகையாய் நடைபெற்றது. பொதுச் சொற்பொழிவுகளுக்குப் பெருங்கூட்டம் திரண்டது. சிறு குழுக்களோ மூல நூலைக் கையில் வைத்து வரிவரியாய் ஆராய்ந்தன. இவ்விரண்டனுள் சிறு குழுவே இல்லத்தின் நோக்கத்துக்கு நெருங்கியது. சொற்பொழிவைக் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்புதல் எளிது. தன் ஐயத்தைத் தானே எழுப்பி, நூலோடு மல்லாடுதல் அரிது. ரோசன்சுவைக்கின் சொற்பொழிவுகள் கேட்போர்க்கு மிகக் கடினமாயிருந்தன என்பதையும் மறைத்தல் ஆகாது. பேரறிஞர் எல்லோரும் பேச்சால் கவர்வோர் அல்லர். எனினும் மாணவர் தொகை பெருகிய காலத்தில் ஏறத்தாழ 1,100 பேர் அங்குப் பதிவு செய்திருந்தனர். முப்பதினாயிரத்தை எட்டாத யூதர் வாழ்ந்த நகரத்துக்கு இஃது பெருந்தொகையே.

1922ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உடலின் தசைகளைப் படிப்படியாய்ச் செயலிழக்கச் செய்யும் கொடுநோய் ரோசன்சுவைக்கைப் பற்றியது. கை ஓய்ந்தது, பின்னர் நாவும் ஓய்ந்தது. அவர் குறிப்பாற் காட்டிய எழுத்துகளை மனைவியார் ஒவ்வொன்றாய் உணர்ந்து சொல்லாக்கினார். அந்நிலையிலும் பூபருடன் சேர்ந்து எபிரேய வேதாகமத்தை ஜேர்மன் மொழியில் ஆக்கும் பணியை 1925ஆம் ஆண்டு மேற்கொண்டார். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். அதற்கு முன்னரே இல்லத்தின் வகுப்புகள் அருகிவிட்டன.

ஆயினும் விதை அழிந்திலது. 1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத அலுவலர் அரசாங்கப் பதவியினின்றும் நீக்கப்பட்டனர். பொதுப் பாடசாலைகளிலும் சர்வகலாசாலைகளிலும் யூத மாணவர் தொகை சட்டத்தாற் குறுக்கப்பட்டது. தம்மை ஜேர்மனியர் என்றே நம்பி வாழ்ந்தவர்கள், யூதர் என்ற ஒரே காரணத்தால் ஒதுக்கப்பட்டனர். யூதராயிருத்தல் என்றால் யாது என்பதையோ அவருட் பலர் அறியார். அவ்வாண்டு நவம்பரிற் பூபர் கற்கை இல்லத்தை மீண்டும் திறந்தார். அடுத்த ஆண்டு, நாடு முழுவதற்கும் யூத வளர்ந்தோர் கல்வியை நெறிப்படுத்தும் நிலையமொன்றின் தலைமையையும் ஏற்றார். இகழ்ச்சிக்குக் காரணமாகக் காட்டப்பட்ட மரபு இகழத்தக்கதன்று என்பதைக் கற்றறிந்தோர், தலை நிமிர்ந்து துன்பத்தை எதிர்கொள்ள இக்கல்வி உதவியது. 1935ஆம் ஆண்டு பூபர் பொதுக்கூட்டங்களிற் பேசத் தடை விதிக்கப்பட்டது. 1938ஆம் ஆண்டு அவர் எருசலேம் சென்றார். அவ்வாண்டிலேயே இல்லமும் முடிவுற்றது. அங்கே கற்றவருட் பலர் பின்னர் என்னவாயினர் என்பதை உலகம் அறியும். கல்வி அவர்களின் உயிரைக் காக்கவில்லை. எஞ்சிய நாட்களில் அவர்களின் மானத்தைக் காத்தது.

இவ்வழியைப் பிறநாடுகளிலும் பின்பற்றினர். எருசலேமிலே 1949ஆம் ஆண்டு, குடியேறி வந்த மக்கட்குக் கற்பிக்கத்தக்க வளர்ந்தோர் கல்வி ஆசிரியரைப் பயிற்றும் கலாசாலையைப் பூபர் நிறுவினார். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 1921ஆம் ஆண்டு ஆசிரியப் பயிற்சிக்கெனத் தோன்றிய எபிரேயக் கல்லூரி, 1994ஆம் ஆண்டிலே ‘மேயா’ என்ற கற்கையைத் தொடங்கியது. அச்சொல்லுக்கு நூறு என்பது பொருள். வேதாகம காலம், பண்டை இரபிமார் காலம், இடைக்காலம், தற்காலம் என நான்கு பகுதிகளை இரண்டு ஆண்டுகளில் நூறு மணி நேரம் கற்பதே அதன் திட்டம். இது பட்டத்துக்கான படிப்பன்று. கற்போர் கல்லூரியைத் தேடி வரட்டும் என்று காத்திராது, வழிபாட்டு மன்றங்களிலும் சமூக நிலையங்களிலும் வகுப்புகளை அமைத்தமை கவனிக்கத்தக்கது.

ஆசிரியராதற்குப் பயின்ற காலத்தில் எமது கருத்தெல்லாம் சிறுவரையே சுற்றி நின்றது. வளர்ந்தோர்க்குக் கற்பித்தல் வேறொரு கலை என்பதைப் பிராங்போட் இல்லத்தின் வரலாறே எமக்கு உணர்த்தியது. வளர்ந்தவர் வெறுங்கையோடு வருவதில்லை; தம் தொழிலும் துன்பமும் ஐயமும் கொண்டு வருகின்றார். அவர்முன் ஆசிரியரும் கற்போராய் அமர்தல் வேண்டும். பெருங்கூட்டத்தினும் சிறு குழுவும், சொற்பொழிவினும் மூல நூலும் அவர்க்குப் பயன்தரும்.

பழைய மாணவர்காள்! கல்லூரிக்கு நீங்கள் ஈந்த கட்டடங்களையும் பரிசில்களையும் நாம் நன்றியோடு நினைக்கின்றோம். இனி ஒரு வேண்டுகோளும் உண்டு. மாலையில் வகுப்பறைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. பள்ளியில் நீங்கள் பாதியில் விட்ட நூலொன்றைக் கையிலெடுத்துக்கொண்டு வாரத்தில் ஒரு மணி நேரம் பத்துப் பேராய் வாருங்கள். விளக்கேற்றி உங்களோடு அமர்ந்து கற்க நாம் ஆயத்தமாய் இருக்கின்றோம்.