ஆடக் கூட ஆள் இல்லையா? சுவர் இருக்கிறதே!

சாத்தாங்காடு இரும்புச் சந்தைப் பக்கம் டென்னிஸுக்கு ஜோடி தேடுவது கஷ்டம். ஆனால் சுவருக்கா பஞ்சம்? ஜோகோவிச்சே சிறுவயதில் பெல்கிரேடில் சுவரில் பந்தடித்துப் பழகியவர்தான். 1999-ல் அந்த நகரத்தில் குண்டு விழுந்த நாட்களிலும் பயிற்சியை அவர் விடவில்லை.

தரையிலிருந்து 3 அடி உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வலையின் நடு உயரம் அதுதான். 20 அடி தள்ளி நின்று, கோட்டுக்குச் சற்று மேலே மெதுவாக அடியுங்கள். எதிராளியைவிடச் சுவர் சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடும். அதனால் பந்து இரண்டு முறை துள்ளிய பிறகு எடுத்தாலும் தப்பில்லை. ஓங்கி அடித்தால் மட்டையைப் பின்னால் கொண்டுபோகவே நேரம் இருக்காது; அவசரமாக மணிக்கட்டால் தட்டும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அது பிறகு லேசில் போகாது.

பந்து எல்லைக்கோட்டுக்குள் விழுந்திருக்குமா என்பதை மட்டும் சுவர் சொல்லாது.

குடோன் சுவர் என்றால் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, லாரி வராத பக்கமாகப் பாருங்கள்.