பூசும் முன் தூணைச் சோதியுங்கள்

வேளச்சேரி அடுக்குமாடிகள் பலவற்றில் கீழ்த்தளம் முழுக்க பார்க்கிங். மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் ஆவதும், மீட்டர் பெட்டிகள் இருப்பதும், வேண்டாத மெத்தை ஒதுங்குவதும் அங்கேதான். அங்கே தீப்பிடித்து அணைந்தால் அசோசியேஷன் முதலில் கூப்பிடுவது கொத்தனாரையும் பெயின்டரையும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. மேல்மாடிச் சமையலறைத் தீ பெரும்பாலும் ஒரு வீட்டோடு போகும். கீழே தூண் வெந்தால் அதன்மேல் நிற்கும் அத்தனை வீடுகளுக்கும் கேடு. காங்கிரீட் எரியாது, ஆனால் வேகும். சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை பெரிய இழப்பில்லை. அதைத் தாண்டினால் சிமென்ட்டைப் பிணைத்திருக்கும் நீர் வெளியேறும்; 573 டிகிரியில் மணலின் குவார்ட்ஸ் உப்பி உள்ளுக்குள் விரிசல் விடும்; 600 டிகிரி வாக்கில் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். இழந்தது ஆறிய பிறகும் திரும்பாது. டிஎம்டி கம்பியும் மிகையாகச் சூடேறினால் பழைய பலத்தை முழுதாக மீட்காது.

தி.நகர் உஸ்மான் சாலையில் 2017 மே 31 அன்று தீப்பிடித்த சென்னை சில்க்ஸ் கட்டடத்தின் ஒரு பகுதி மறுநாளே சரிந்தது. மிச்சத்தை அரசு இடிக்க வேண்டியதாயிற்று. "அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் 1975இல் எரிந்தும் இன்றுவரை நிற்கிறதே?" என்பார்கள். நிற்கிறது, சீரமைக்கப்பட்டதால். "பத்து நிமிடத் தீதானே?" என்பதில் நியாயம் உண்டு. காங்கிரீட்டுக்குள் சூடு மெதுவாகத்தான் இறங்கும், பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆனால் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. சுத்தியலால் தட்டும்போது 'டொக்'கென்ற வெற்றுச் சத்தம் ஓர் அறிகுறி, அவ்வளவே. ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயர் மீயொலிச் சோதனை செய்து, சந்தேகமான இடத்தில் கோர் (காங்கிரீட்டின் உருளைத் துண்டு) எடுத்து நசுக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் பூசினால் சாட்சியமும் மறையும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருக ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில், ஏற்கப்பட்ட இழப்பீட்டில் 5 சதவீதம் வரை இன்ஜினீயர் கட்டணத்துக்குக் கிடைக்கும். காப்பீட்டு சர்வேயர் பார்க்கும்வரை எதையும் அகற்றாதீர்கள், படம் எடுங்கள், தீயணைப்புத் துறை அறிக்கையை எழுதிக் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனம் இழுத்தடித்தால் இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். வாடகைதாரர்களுக்கும் வழி உண்டு: தீயால் வீட்டின் முக்கியப் பகுதி நிரந்தரமாகக் குடியிருக்கத் தகுதியற்றுப் போனால், சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாதவரை, குத்தகையை முறித்துக்கொள்ளலாம். உரிமையாளர் அசையாவிட்டால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.