புலம்பலும் பிரார்த்தனையே

துன்பம் வந்துற்றபோது வாய் திறவாது பொறுத்திருப்பதே பக்தியின் இலக்கணம் எனக் கருதுவோர் நம்மிடையே பலர். மகவை இழந்த தாயொருத்தி, "இறைவா, இது நீதியோ?" என்று கதறினால், அப்படிச் சொல்லலாகாது எனத் தடுக்க முந்துகின்றோம். ஆயின், கிறிஸ்தவர் போற்றும் வேதாகமமோ அத்தகைய கதறலுக்குத் தன்னகத்தே இடமளித்திருக்கின்றது.

கி.மு. 586ஆம் ஆண்டளவில் பாபிலோன் மன்னன் நெபுகாத்நேச்சாரின் சேனை எருசலேம் நகரைக் கைப்பற்றியது. சாலொமோன் கட்டிய தேவாலயம் தீக்கிரையாயிற்று. மக்களுட் பலர் சிறைபிடித்துச் செல்லப்பட்டனர். அவ்வழிவைப் பாடுவதே பழைய ஏற்பாட்டிலுள்ள "புலம்பல்" என்னும் சிறு நூல். எரேமியா தீர்க்கதரிசி அதனை இயற்றினார் என்பது பண்டை மரபு. இக்கால ஆராய்ச்சியாளர் பலர் அதனை ஏற்பதில்லை. எபிரேய மொழியில் அந்நூலின் பெயர் "ஏக்கா" என்பதாம். "எவ்வாறு!" எனத் திகைத்துக் கூவும் அச்சொல்லே நூலின் முதற்சொல்லுமாகும்.

எபிரேய நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 22. நூலிலுள்ள ஐந்து பாடல்களுள் முதல் நான்கும், நம் ஆத்திசூடியைப் போல, எழுத்து வரிசையிலே அமைந்தவை. மூன்றாம் பாடலில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள் உள. கரையற்ற துயரத்துக்குக் கவிஞர் ஒரு கரை கட்ட முயன்றார் எனலாம். ஐந்தாம் பாடலில் 22 வசனங்கள் இருப்பினும் எழுத்து வரிசை இல்லை. ஈற்றில் அக்கரையும் உடைந்தது போலும்!

நடுப்பாடலில் இறைவனின் இரக்கத்தின்மீது நம்பிக்கை சுடர்விடுகின்றது. எனினும் நூல் அதனோடு முடிவதில்லை. இறைவன் தம்மை அறவே வெறுத்துவிட்டாரோ என்னும் ஐயத்துடனேயே முடிகின்றது. அவ்வையத்துக்கு மறுமொழி நூலில் இல்லை. யூதர்கள் ஆப் மாதம் 9ஆம் நாள் உபவாசமிருந்து இதனை வாசிக்கும்போது, இறுதி வசனத்துக்கு முந்தியதை மீண்டும் ஒருமுறை வாசித்தே நிறைவு செய்வர். நம்பிக்கையிழந்த சொல்லோடு எழுந்து செல்ல அவர்தம் உள்ளம் ஒருப்படுவதில்லை.

இப்புலம்பல் மரபைக் கிறிஸ்து பெருமான் விலக்கினாரல்லர். சிலுவையில் தொங்கிய வேளையில், கைவிடப்பட்டவனின் வினாவோடு தொடங்கும் 22ஆம் சங்கீதத்தின் முதலடியையே அவர் உரத்த குரலில் கூறினார் என மத்தேயுவும் மாற்கும் எழுதியுள்ளனர். தேவகுமாரனே கேட்ட வினாவைத் துயருற்ற தாய் கேட்கலாகாதென நாம் தடுப்பது எங்ஙனம்? இறைவன் துன்பத்துக்கு அப்பால் நின்று விளக்கம் கூறுபவரல்லர். துன்பத்தினுள்ளே புகுந்து நம்மோடு அழுபவர் என்பதே கிறிஸ்தவரின் நம்பிக்கை.

ஆகவேதான் மேல்நாட்டுத் திருச்சபையும் பெரிய வாரத்தில் எருசலேமின் புலம்பலை வாசித்து, மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்துவரும் வழக்கத்தைக் கொண்டது. 1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1742இல் இந்நாட்டிலேயே உயிர்நீத்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழில் இயற்றிய வியாகுலப் பிரசங்கமும், தவக்காலத்தில் கத்தோலிக்க மக்களைக் கிறிஸ்துவின் பாடுகளை எண்ணி உருகச் செய்வதாகும்.

துன்புற்றோரைத் தேற்றச் செல்வோருக்கு யோபுவின் சரித்திரத்தில் நல்லதொரு பாடம் உண்டு. அவனைக் காணவந்த நண்பர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனருகே மௌனமாய் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நற்பணி அதுவே. பின்னர் வாய்திறந்து, அவன் பாவமே துன்பத்துக்குக் காரணமெனச் சாதிக்கலாயினர். முடிவில் இறைவனின் கோபத்துக்கு ஆளானவர்கள் அவர்களேயன்றி, முறையிட்டு வாதாடிய யோபு அல்லன்.

துக்க வீட்டின் வாயிலை மிதிக்கும்போது நாம் இதனை நினைவிற் கொள்வோமாக. காரணம் கூறுவதினும் கைபற்றி அருகே அமர்வது மேலானது. அழுபவரை அழ விடுவோம். அவ்வழுகையும் இறைவனை நோக்கிய பிரார்த்தனையே.