சீனித்துளசி: காப்பிக்கு ஆகும், பாகுக்கு ஆகாது

டம்ளர் வழியாகப் போகும் சர்க்கரை

காலையில் ஒரு காப்பி, பதினொரு மணிக்கு ஒரு டீ, சாயங்காலம் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. தேக்கரண்டிக்கு 5 கிராம் என்றால், பொழுது சாய்வதற்குள் 30 கிராம் உள்ளே போயிருக்கும். உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள், அதாவது 25 கிராம் அளவில் நிறுத்தினால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. பிஸ்கட்டையும் கல்யாண வீட்டு லட்டையும் தொடாமலேயே, டம்ளர் வழியாக மட்டும் நம்மில் பலர் அந்த 25 கிராமைத் தாண்டிவிடுகிறோம்.

“நான் வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாளாச்சு, கருப்பட்டிதான்” என்பவர்கள் உண்டு. கருப்பட்டி மணமானது, கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் நிறைந்திருக்கின்றன. நிறம் மாறியதால் ரத்தச் சர்க்கரை ஏறாமல் இருக்காது. சீனித்துளசியின் கதை வேறு. அது இனிக்கும், ஆனால் அதில் இனிப்பது சர்க்கரை அல்ல.

பராகுவே நாட்டுச் செடி

சீனித்துளசி என்று நாம் அழைக்கும் ஸ்டீவியா, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. பராகுவேயிலும் அதை ஒட்டிய பிரேசில் பகுதியிலும் வாழும் குவாரனி மக்கள், கசப்பான மாத்தே பானத்தில் இதன் இலையைப் போட்டுக் குடித்து வந்தார்கள். பராகுவேயில் குடியேறிய சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் மொய்சேஸ் பெர்த்தோனி 1899-இல் இதை அறிவியல் முறைப்படி விவரித்தார். இலையின் இனிப்புக்குக் காரணமான ஸ்டீவியோசைடை 1931-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். 1970-களிலேயே ஜப்பான் இதை உணவுப் பொருள்களில் சேர்க்கத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் அனுமதி வந்தது 2015-இல்.

உடம்புக்குள் என்ன ஆகிறது

ஸ்டீவியோசைடு போன்ற, ஸ்டீவியால் கிளைகோசைடுகள் எனப்படும் பொருள்கள் சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு வரை இனிப்பவை. வயிற்றிலும் சிறுகுடலிலும் அவை செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போன பிறகு அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை ஸ்டீவியாலாக உடைக்கின்றன. அது ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் மாற்றமடைந்து, சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. குளுக்கோஸாக ரத்தத்தில் சேர்வதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது உதவுவது இதனால்தான். இன்சுலினைச் சுரக்க வைக்கும், நோயைத் தீர்க்கும் என்றெல்லாம் பரப்பப்படுவதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பாதுகாப்பான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால் என்று சர்வதேச நிபுணர் குழு வகுத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 100 கிராமுக்கும் மேற்பட்ட சர்க்கரையின் இனிப்புக்குச் சமம். மூன்று வேளை காப்பிக்கு அந்த அளவை நெருங்க வேண்டியதே இல்லை. ஆனால் இந்த வரம்பு சுத்திகரித்த சாறுக்கு வகுத்தது. தொட்டியில் வளரும் செடியின் பச்சை இலைக்கு அத்தனை ஆய்வு நடக்கவில்லை. டீயில் ஓரிரு இலை போடுவதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்; மருந்துபோல் கைப்பிடி கைப்பிடியாகத் தின்பது வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பாக்கெட்டின் பின்பக்கம்

கடையில் வாங்குவோர் தவறாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ஒரு டம்ளருக்குத் தேவையான ஸ்டீவியா ஒரு சிட்டிகைகூட வராது என்பதால், கரண்டியால் அள்ள வசதியாக வேறு ஏதாவது தூளைக் கலந்துதான் விற்கிறார்கள். மால்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோ இருந்தால், அவை ரத்தச் சர்க்கரையை ஏற்றுபவை. சிறு பொட்டலம் ஒன்றில் அது சொற்பம்தான். கரண்டிக் கணக்கில் போட்டால் சொற்பமல்ல. எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்தவை ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. ஆனால் ரத்தத்தில் எரித்ரிட்டால் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. என்றாலும் இதய நோய் உள்ளவர்கள், கலப்பில்லாத சொட்டு வடிவத்தையோ மாத்திரை வடிவத்தையோ தேடி வாங்கலாம் என்பது என் கருத்து.

அடுப்படியில்

ஸ்டீவியா சூட்டில் கெடாது, கொதிக்கும் பாலில் தாராளமாகப் போடலாம். பாகு மட்டும் வராது. கம்பிப் பதமும் முறுகலும் சர்க்கரையின் வேலை. அதிரசத்திலும் மைசூர்பாகிலும் இதைப் போட்டு ஏமாற வேண்டாம். நாக்கில் கடைசியாக ஒரு கசப்பும் அதிமதுர வாடையும் நிற்கும். அளவு கூடினால் அதுவும் கூடும். ஒரு சொட்டில் தொடங்குங்கள். முதல் வாரம் பாதிச் சர்க்கரை, பாதி ஸ்டீவியா என்று வைத்துக்கொண்டால் நாக்கு பழகிவிடும்.

எடை குறையுமா?

எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலில் ஸ்டீவியாவும் உண்டு. நீண்ட காலப் பயன்பாட்டில் உடல் கொழுப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது காரணம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. மற்றவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், இனிப்பையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வதுதான் நல்லது.

சர்க்கரை இறங்கும்போது

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அப்போது ஸ்டீவியா போட்ட டீ எந்த உதவியும் செய்யாது. குளுக்கோஸோ, மூன்று தேக்கரண்டி சாதாரணச் சர்க்கரையோ தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லையென்றால் மறுபடியும் குடிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வீடு முழுவதும் ஸ்டீவியாவுக்கு மாறினாலும் ஒரு டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.