மழைக்காட்டு மரமும் வறட்சியும்

பருவமழையை நம்பி வாழும் வட இந்தியச் சால மரத்துக்கு வறட்சி பழகியது. அதன் உறவினதாய், ஆண்டு முழுவதும் மழை பெறும் மலாய்க் குடாநாட்டுக் காடுகளில் ஓங்கும் மெரந்திக்கு வறட்சியைத் தாங்கும் ஆற்றல் எதற்கு? 2021இல் வெளியான மெரந்தியின் பரம்பரையலகுத் தொகுதி ஆய்வு இவ்வையத்துக்கு எதிர்பாராத விடை பகர்ந்தது.

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், தைனோசர்கள் அழிந்தொழிந்த காலத்தையொட்டி, அம்மரத்தின் முன்னோரிடத்துப் பரம்பரையலகுகள் யாவும் இரட்டித்தன. பின்னர்ப் பல இணைகள் ஒற்றையாயின. வறட்சிக்கு ஈடுகொடுக்கும் இணைகளோ மிகுதியாக எஞ்சின. ஒழுங்கின்றி நேரும் குறுகிய வறட்சிகளே அவற்றைப் பேணின என்பது ஆய்வாளர் கருத்து, பொருத்தமானதே. சில ஆண்டுகளுக்கொருமுறை காடு ஒருங்கே பூப்பதற்கு முன்னரும் வறட்சி நேர்வதுண்டு. ஆயினும், வறட்சி நீளுமாயின் இச்சேமிப்புப் போதுமா என்பதைப் பரம்பரையலகுகள் மட்டும் உரைக்கமாட்டா.