தகட்டைப் படித்துவிட்டுத்தான் ஸ்பேனர்

பழைய ஃபோர்டு மஸ்டாங் பட்டறைக்கு வந்தால், ஓட்டுநர் கதவில் ரிவிட் அடித்திருக்கும் சிறு தகட்டைத்தான் முதலில் துடைத்துப் படிப்பேன். எண் '5ஆர்09ஏ' என்று தொடங்கினால் பாதி விவரம் கைக்கு வந்துவிடும். 5 என்பது 1965 மாடல். ஆர், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆலை. 09, ஃபாஸ்ட்பேக் பாடி. ஏ, நான்கு பேரல் கார்புரேட்டர் பொருத்திய 289 கன அங்குல வி8 எஞ்சின். பெயின்ட், சீட், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாவற்றுக்கும் அதே தகட்டில் குறியீடு உண்டு.

கதவையே யாராவது மாற்றியிருக்கலாம். அதனால் பானெட்டைத் திறந்து, ஃபெண்டரின் உட்பக்கத் தகரத்தில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுவேன். எஞ்சின் பிளாக்கில் '5சி12' என்று வார்த்திருந்தால் 1965 மார்ச் 12. கார் தயாரான நாளுக்குப் பிந்தைய தேதி என்றால், அது அந்தக் காரோடு வந்த எஞ்சின் அல்ல.

பெயின்ட் குறியீடு எம் என்றால் விம்பிள்டன் வெள்ளைதான். உரிமையாளர் சிவப்பு கேட்டாலும் எடுத்துச் சொல்வேன். அன்று கிளியர் கோட் கிடையாது. இன்றைய பளபளப்பு அழகுதான், ஆனால் ஆலையிலிருந்து வெளிவந்த கார் அப்படி இருக்கவில்லை. அன்றைய தொழிலாளியின் கைவேலையைத் திருத்தாமல் மீட்டுத் தருவதே எங்கள் தொழிலுக்கு மரியாதை.