தையில் லாபம், ஐப்பசியில் அடகு

வெள்ளாமையில் நஷ்டம் என்று அவர் சொல்லமாட்டார். ஆனால் ஐப்பசி பிறந்தால் வீட்டு வளையல் அடகுக்குப் போய்விடும். காவிரி டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். ஊதாரித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். செலவு ஒரு மாதத்தில், வரவு வேறொரு மாதத்தில், சிக்கல் அங்கேதான்.

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். மூன்று ஏக்கர் சம்பா. உழவு, நாற்று, நடவு, களை, உரம், அறுப்பு மிஷின் எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 30,000 ரூபாய், ஆக 90,000. ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டால், சாதாரண ரகத்துக்கு மத்திய அரசு 2025-26இல் அறிவித்த 2,369 ரூபாய் விலைப்படி 1,42,140 வரும். மாநில ஊக்கத்தொகை தனி. மிச்சம் 52,140. பரவாயில்லையே என்றுதான் தோன்றும்.

அதே கணக்கை மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஆவணி முதல் மார்கழி வரை ஐந்து மாதம், வீட்டுச் செலவு மாதம் 8,000 என்றாலும் 40,000. நெல் மூட்டையாவதற்குள் 1,30,000 ரூபாய் கையைவிட்டுப் போயாயிற்று; உள்ளே ஒரு காசு வரவில்லை. இதில் ஐப்பசிதான் பொல்லாத மாதம். நடவுக் கூலி, மேலுரம், தீபாவளி மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். தையில் நெல் போட்ட பிறகு கையில் நிற்பது 12,140. வாங்கிய கடனுக்கு வட்டியும் அதிலிருந்துதான்.

முடை வந்தால் விலையும் கெடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பார்கள். காயவைத்து, முறைக்குக் காத்திருந்து போடவேண்டும். உரக்கடைக்காரர் வாசலில் நிற்கும்போது யார் காத்திருப்பது? களத்துமேட்டிலேயே வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறோம். யாரால் காத்திருக்க முடியாது என்பது வியாபாரிக்கு நன்றாகத் தெரியும்.

1998இல் வந்த கிசான் கடன் அட்டை, செலவுக்கும் வரவுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை அடைக்கத்தான். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்துதான் வட்டி. நம்மவர்களில் பலர் முழுத் தொகையையும் ஒரே நாளில் எடுத்து விடுகிறார்கள். களைக்கு வைத்த பணம் கல்யாண மொய்யாகக் கரைகிறது. நடவுக்கு நடவன்று, உரத்துக்கு உரத்தன்று எடுத்தால் போதும். 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் கழிந்து 4தான். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. கெடு தப்பினால் சலுகையும் போச்சு.

கடன் ஒரு வழி என்றால், கறவை மாடு இன்னொரு வழி. நெல் வருஷத்துக்கு ஒருமுறை தருவதை மாடு வாராவாரம் தரும் என்பது உண்மை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை வற்றவிட வேண்டும். அப்போதும் தவிடு, பிண்ணாக்கு வாங்கித்தான் ஆகவேண்டும். வீட்டில் இரண்டு மாடு இருந்து, இரண்டும் ஒரே சமயத்தில் சினையானால், பால் பணமும் ஒரே சமயத்தில் நின்றுபோகும். சினை ஊசி போடும்போதே ஒன்றுக்கு நாலைந்து மாதம் தள்ளிப்போட்டால், ஒன்று வற்றும்போது மற்றது கறக்கும். ஐப்பசியில் ஒன்றாவது கறவையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

இப்படி மாதவாரியாகத் திட்டம் போடக் கம்ப்யூட்டர் வேண்டாம். பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கம் போதும். சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம். மேலே வரவு, கீழே செலவு. பள்ளிக் கட்டணம், சீட்டுத் தவணை, அடகு வட்டி என்று தேதி மாறாதவற்றை முதலில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் ஜூனில்தான் திறக்கும், நம் அறுப்பைப் பார்த்துத் திறக்காது. எந்தக் கட்டத்தில் கீழ்த்தொகை மிஞ்சுகிறதோ, அந்த மாதத்துப் பணத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே வழி தேடுங்கள்.

முதலில் எழுதவேண்டிய தேதி, உங்கள் பயிர்க்கடனின் கெடு. பாஸ்புத்தகத்தை எடுத்து இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.